எண்பது வருஷமும் முடிவிலியும்

"நூறு வருஷம் கழிச்சு இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க ஞானம் மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

80 வயது வரை வாழ்ந்தால் சுமார் 29,200 நாட்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதை ஒரே ஆண்டாகச் சுருக்கினால் நம்ம 80 வருஷம் வெறும் 0.18 விநாடி. கண் சிமிட்டும் நேரம்தான்.

புராணக் கணக்கு இதைவிடப் பெரிசு. கலியுகம் 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000. அப்படி ஆயிரம் சுற்று போனால் பிரம்மாவுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டுகள். இரவும் அதே அளவு. இந்தக் கணக்கில் 100 வருஷம் அவர் ஆயுள். கவனிங்க, அவருக்கும் ஒரு முடிவு உண்டு.

இப்போ முடிவிலிக்கு வருவோம். 80-ஐ எவ்வளவு பெரிய எண்ணால் வகுத்தாலும் விடை பூஜ்யம் ஆகாது. வகுக்கும் எண் எல்லையில்லாமல் வளர்ந்தால், விடை பூஜ்யத்தை நெருங்கிக்கிட்டே போகும். ஆனால் பிரம்மாவின் ஆயுளை வைத்து வகுத்தாலும் அதே கதிதான். மழை நாளில் பறந்து விழும் ஈசலுக்கும் அதே. ஈசலுக்கும் பிரம்மாவுக்கும் ஒரே மார்க் போடும் பரீட்சை யாரையும் அளக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நம்ம வாழ்க்கை ஒன்றுமில்லை என்று அந்தப் பூஜ்யம் நிரூபிக்கவில்லை. அந்த அளவுகோல் இந்த வேலைக்கு உதவாது, அவ்வளவுதான்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'மாக்ரோபுலோஸ்' நாடகத்தில் ஒரு பாடகி மருந்தின் தயவால் 300 வருஷத்துக்கு மேல் வாழ்கிறாள். எல்லாம் சலித்துப்போய், எதன் மேலும் ஒட்டுதல் இல்லாமல் நிற்கிறாள். 1973-இல் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் அவளை வைத்தே, சாவில்லாத வாழ்வு தாங்க முடியாததாகிவிடும் என்று வாதிட்டார். எல்லாருக்கும் சலிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் முடிவே இல்லாதவனுக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்வதில் நஷ்டம் இல்லை என்பது மட்டும் உறுதி.

நமக்கு நஷ்டம் உண்டு. ஊரில் அம்மாவுக்கு 70 வயது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போறீங்க என்று வைத்துக்கொள்வோம். அவங்க 85 வரை இருந்தால், இன்னும் 30 தடவை பார்க்கலாம். இந்தப் பொங்கலுக்கு லீவு கிடைக்கலைன்னா 29.