செர்ன் சுரங்க வீடியோ: மெஷின் ஓடும்போது ஏன் எடுக்க முடியாது?

சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில், தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கி.மீ. சுற்றளவில் இருக்கிறது செர்னின் துகள் மோதல் கருவியான எல்.எச்.சி. அந்தச் சுரங்கத்துக்குள் ஒருவர் கேமராவோடு நடக்கும் வீடியோவைப் பார்த்தால் ஒன்று நிச்சயம்: அப்போது மெஷின் ஓடவில்லை.

காரணம், கதிர்வீச்சு. புரோட்டான்கள் சுற்றும்போது உள்ளே யாருக்கும் அனுமதி கிடையாது. ஒரு கதவைத் திறந்தாலே போதும், கற்றை தானாக நின்றுவிடும்.

ஆக, பராமரிப்புக் காலத்தில்தான் ஷூட்டிங். 2018 இறுதியில் தொடங்கிய நிறுத்தம் 3 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதனால்தான் வெல்டிங் வைப்பவர்களும் காந்தங்களைச் சோதிப்பவர்களும் கேமராவில் சிக்குகிறார்கள். 2012-ல் ஹிக்ஸ் போசான் கிடைத்தது மாதிரியான பெரிய செய்திகளில் இவர்கள் முகம் வராது.

2017 முதல் இந்தியாவும் செர்னின் இணை உறுப்பினர். நம் வரிப்பணமும் அங்கே போகிறது. அது யார் கையில் என்ன வேலையாகிறது என்று சுரங்கத்துக்குள்ளேயே பார்க்க முடிவது, மெஷின் நிற்கும் நாள்களில்தான்.