இடியின் மக்கள்

செபதேயுவின் புதல்வர்களாகிய யாக்கோபுக்கும் யோவானுக்கும் ஆண்டவர் இயேசு 'பொவனேர்கேசு' என்னும் பெயரைச் சூட்டினார் என மாற்கு நற்செய்தி (3:17) கூறுகின்றது. இடியின் மக்கள் என்பது அதன் பொருள். தம் குருவை ஏற்காத சமாரிய ஊரின் மேல் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கலாமா என்று கேட்ட சகோதரர்கள் அல்லவா! செல்லக் கண்டிப்பும் அப்பெயரில் கலந்திருக்கலாம்.

அந்தப் பெயரைத் தமது மோட்டார் சைக்கிளுக்கு வைத்தார், இங்கிலாந்தின் முன்னாள் போர்வீரர் ஒருவர். 'அரேபிய லோரன்ஸ்' என உலகம் அறிந்த ரி. ஈ. லோரன்ஸ்தான் அவர். 1888இல் பிறந்த அவர், விவிலிய வாசிப்பு வழமையாயிருந்த பக்தியுள்ள இல்லத்தில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போரில், துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த அரபு மக்களோடு நின்று போராடினார். அவர்களுக்கு அளிக்கப்பட்ட விடுதலை வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. அந்த வேதனையினாலேயே, 1918இல் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் வழங்க முன்வந்த விருதுகளை ஏற்க மறுத்தார். கேணலாக இருந்தவர், 1922இல் வேறொரு பெயரில் விமானப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். இதனை முழுமையான தாழ்ச்சி என்று கூறிவிட முடியாது. போரில் கண்டதும் செய்ததும் அவருடைய மனத்தை அரித்துக்கொண்டிருந்தன.

அம்மனத்திற்கு ஆறுதலளித்தவை இரண்டு. ஒன்று, மணிக்கு 100 மைல் வேகத்தில் பாயவல்ல 'பிரஃப் சுப்பீரியர்' மோட்டார் சைக்கிள். அவ்வகையில் ஏழு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். மற்றையது இசை. டோர்செட்டில் 'கிளவுட்ஸ் ஹில்' என்ற அவரது சிறு குடிலில் மின்சாரம் இல்லை. பெரிய குழல் பொருத்திய கிராமபோன் இருந்தது. அருகிலிருந்த முகாமின் வீரர்கள் அங்கு வந்து, தேநீர் அருந்தியவாறே பேத்தோவன், மொசார்ட் இசைத்தட்டுக்களைக் கேட்பார்கள். பதவி வேற்றுமை அந்தக் கூரையின் கீழ் நுழையவில்லை.

1935ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி, குடிலுக்குத் திரும்பும் வழியில், சைக்கிளில் சென்ற சிறுவர் இருவர்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி வீசப்பட்டார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. சிறுவர்கள் உயிர் தப்பினர். அவரோ நினைவு திரும்பாமலே மே 19ஆம் திகதி, தமது 46ஆவது வயதில் மரித்தார்.

சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெயர்ன்ஸ் அம்மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் தன் செய்தி காவும் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது; 1973இல் அந்நாட்டின் மோட்டார் சைக்கிளோட்டிகள் அனைவருக்கும் அது சட்டமாயிற்று.

மரித்த விசுவாசிகளின் மாதமாகிய நவம்பரின் மூன்றாம் ஞாயிறு, வீதி விபத்துக்களில் இறந்தோரை நினைவுகூரும் நாளென 2005இல் ஐ.நா. சபையால் ஏற்கப்பட்டது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் அவ்வாறு பிரிந்தவர்கள் எத்தனை பேர்! அன்று மாலைச் செபமாலையில் அவர்களுக்காக ஒரு பத்து மணிகளை ஒப்புக்கொடுப்போம். லோரன்சையும் அவர்களோடு சேர்த்துக்கொள்வோம்.