குளிர் குறைந்தால் பனிச்சரிவு குறையுமா?

குளிர் குறைந்தால் பனி குறையும். பனி குறைந்தால் பனிச்சரிவும் குறையும் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். இமாச்சலத்தின் ரோத்தாங் மலைப்பாதையில் பனி அள்ள டோசர் ஓட்டியவன் நான். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

மலைச்சரிவில் பனி அடுக்கடுக்காகப் படியும். துகள்கள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டியிருக்கும் வரை அடுக்கு நிற்கும். வெப்பம் பூஜ்யம் டிகிரியைத் தொட்டால், உருகிய நீர் உள்ளே இறங்கி அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் ஆபத்து அதிகம். உலர்பனி புகைமண்டலமாகப் பாய்ந்து வரும். ஈரப்பனி மெதுவாக வந்தாலும், நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும். டோசரே திணறும். சிக்கிய மனிதரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

பனி இறங்கும் ஓடைப்பள்ளங்களை அங்கே நாலா என்போம். வெயில் ஏறுமுன் நாலாவைக் கடந்துவிடு என்பது எங்கள் முதல் பாடம். வசந்தகாலத்துக்குப் பெரிதும் சொல்லப்பட்ட அந்தப் பாடம், இனி குளிர்காலத்துக்கும் தேவை.

அதற்கான சான்று மரங்களில் இருக்கிறது. பனிச்சரிவு மோதிய மரத்தின் வளையத்தில் தழும்பு பதியும். இமாச்சல மரங்களில் அப்படிப் பதிந்த சுமார் 150 ஆண்டுத் தடயங்களை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்காலக் கடைசியில் வெப்பம் கூடியதால் ஈரப்பனிச் சரிவுகள் பெருகியிருக்கின்றன. அவை மலையடிவாரம் நோக்கி வெகுதூரம் ஓடுகின்றன என்றார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆல்ப்ஸின் தாழ்வான சரிவுகளில் பனியே குறைவதால் ஆபத்தும் குறைகிறது. உயரமான இடங்களில் நிலைமை வேறு. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. 22-ஆம் தேதி பனிச்சரிவில் ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். ஒரு விபத்தை வைத்துப் பருவநிலையைக் குற்றம்சாட்ட முடியாது. ஆனால் மெல்லிய பழைய பனி குளிரில் பிடிப்பற்ற பரல்களாக மாறும். அதன்மேல் திடீரெனப் புதுப்பனி ஏறினால் தாங்காது.

மணாலிக்கும் குல்மார்க்குக்கும் குடும்பத்தோடு போகிறவர்களே, சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பாருங்கள். தடைபோட்டு மூடிய சரிவில் படம் எடுக்கக்கூட இறங்காதீர்கள். சாலைப் பணியாளர் நில் என்றால் நின்றுவிடுங்கள்.