டீசல் பிக்கப் வண்டிகளில் என்ஜின் திணறல்

என்ஜின் திணறல் என்பது டீசல் பிக்கப் வண்டியின் என்ஜின் சீரற்று அதிர்வதையும், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வேகம் எடுக்காமல் தயங்குவதையும் குறிக்கும். பணிமனைகளில் இதை 'மிஸ்ஸிங்', 'பிக்கப் இல்லை' என்பர்.

காரணத்தை எளியதிலிருந்து தேட வேண்டும். முதலில் டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரை வடித்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மிக அவசியம். அடுத்து காற்று வடிகட்டி அடைப்பு, டர்போ குழாய்க் கசிவு, டீசல் குழாயில் காற்று புகுதல் ஆகியவற்றைச் சோதிக்கலாம். கடலோர உப்புக்காற்று சென்சார் இணைப்புகளை அரிப்பதும் உண்டு.

புகையின் நிறமும் துப்புத் தரும். கரும்புகை காற்றுக் குறைவையோ மிகையான டீசலையோ காட்டும். வெண்புகை எரியாத டீசலையோ கூலண்ட் கசிவையோ காட்டும். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும்.

பழைய வகை பம்பு கொண்ட வண்டிகளில் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவர். எதைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டரே பழுதானது. காமன் ரெயில் என்ஜினில் இம்முறை கூடாது. அதன் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் உயரும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். இவ்வகை என்ஜினை ஸ்கேனர் கருவியால் சோதிக்க வேண்டும்.

நீரை வடிக்காமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் கெடும்.