கிளட்ச் தேய்வது எதனால்?

மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் சொல்லுக்கு வண்டியோட்டிகளிடையே தனி மதிப்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் இயந்திரங்களோடு பழகியவர் அவர். அவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, "இயந்திரத்தை வேகமாகச் சுழலவிடாதீர்கள், கிளட்ச் தேய்ந்துவிடும்" என்பது. இதைக் கேட்டவர்களுள் சிலர், மலைச்சாலையில் இறங்கும்போதும் கீழ்க் கியரைத் தொட அஞ்சுகின்றனர். கீழ்க் கியரில் இயந்திரம் இரைச்சலிட்டு வேகமாகச் சுழலும் அன்றோ? இவ்வறிவுரை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

கிளட்ச்சின் அமைப்பு எளியது. இயந்திரத்தின் முனையில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. கியர் பெட்டிக்குள் செல்லும் தண்டில் கிளட்ச் பிளேட் பொருத்தப்பட்டிருக்கிறது. கிளட்ச் மிதியிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், வில்லின் விசை அந்தப் பிளேட்டை ஃபிளைவீலோடு இறுக அழுத்துகிறது. அப்போது இரண்டும் ஒன்றாகவே சுழல்கின்றன. மிதியை முழுவதும் அழுத்தினால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

தேய்வு எங்கே நிகழ்கிறது? இரண்டு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உராயும்போதுதான் தேய்வு உண்டாகும். இறுகப் பற்றிய நிலையில் உராய்வதற்கு இடமில்லை. முழுவதும் பிரிந்த நிலையிலும் இடமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், இயந்திரம் ஒரு வேகத்திலும் பிளேட் வேறொரு வேகத்திலும் சுழலும்போதே அது தேய்கிறது. ஆகவே, தேய்வுக்குக் காரணம் இயந்திரத்தின் வேகமன்று. இரண்டின் வேகத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடும், அவ்வேறுபாடு நீடிக்கும் நேரமுமே ஆகும்.

அப்படியானால் மெக்கானிக் கூறியது முற்றும் பொய்யா? இல்லை. நின்ற வண்டியைக் கிளப்பும் வேளையில் அவர் சொல் மெய்யே. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று, முதல் கியரில், இயந்திரம் நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும்போது மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். சமதரையில் அந்த வேகத்தை அடையும் வரை கிளட்ச் வழுக்கினால், அதில் சுமார் 2,000 ஜூல் வெப்பம் உண்டாகும். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. இயந்திரத்தை 2,000 சுற்றில் வைத்துக் கிளப்பினால் வெப்பம் 8,000 ஜூலாகும். 3,000 சுற்றில் 18,000 ஜூலாகும். வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. எண்ணெய் மிதியை ஓங்கி அழுத்திக்கொண்டு, கிளட்சை இழுத்திழுத்து விடுவோரின் பிளேட் விரைவில் கருகுவதன் காரணம் இதுவே.

பட்டறை மேசைமேல் தேய்ந்து கிடக்கும் பிளேட்டை மெக்கானிக் காண்கிறார். அது சாலையில் எவ்வாறு தேய்ந்தது என்பதை அவர் காண்பதில்லை. இயந்திரத்தை உறுமவிடுபவரே பெரும்பாலும் கிளட்சை வழுக்கவும் விடுகிறார். ஆகவே இரண்டும் ஒன்றெனத் தோன்றுவது இயல்பு. ஆனால் வழுக்கல் நின்று, கிளட்ச் இறுகிய பின்னர், இயந்திரம் 3,000 சுற்றில் ஓடினாலும் அதனால் பிளேட் தேய்வதில்லை.

இந்த வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு பணச்செலவோடு முடிவதன்று. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் சுமார் 980,000 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. வண்டியின் வேகம் கூடாமல் காக்க வேண்டுமானால் இதைத் தணித்தாக வேண்டும். காற்றின் தடையும் சக்கரங்களின் தடையும் ஏற்பதுபோக, எஞ்சியதை யார் ஏற்பது? மேல் கியரிலோ, கியரை விடுவித்தோ இறங்கினால் பிரேக்கே பெரும்பாலும் ஏற்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். கீழ்க் கியரில் இறங்கினாலோ, சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால், இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இரைச்சல் கேட்கும், ஆயினும் கிளட்ச் இறுகியே இருப்பதால் அது தேய்வதில்லை. கியர் மாற்றும் ஒரு கணத்தில் நேரும் சிறு உராய்வு, பிரேக்கின் சுமையோடு ஒப்பிட்டால் மிக அற்பம். எனினும், இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் சுழற்சி அதற்குரிய எல்லையைத் தாண்டவும் கூடாது.

கிளட்சை உண்மையில் காக்க விரும்புவோர் செய்யத் தக்கவை சில. மேட்டில் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கி நிறுத்தாமல், கைப்பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். ஓடும்போது கிளட்ச் மிதியின்மேல் காலை வைத்திருத்தல் ஆகாது. விளக்குச் சந்தியில் நெடுநேரம் மிதியை அழுத்திக்கொண்டிராமல் கியரை விடுவித்தால், கிளட்ச் பேரிங்கும் நீடித்து உழைக்கும். மேல் கியரில் எண்ணெய் மிதியை அழுத்தும்போது, வண்டியின் வேகம் கூடாமல் இயந்திரத்தின் சுழற்சி மட்டும் கூடினால், பிளேட் வழுக்கத் தொடங்கிவிட்டதென அறியலாம்.

தானியங்கிக் கியர் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், கிளட்ச் மிதியுள்ள லோரிகளும் வேன்களும் பல உள்ளன. அவற்றை ஓட்டிப் பிழைப்போர் அனுபவசாலியின் சொல்லை மதிக்கட்டும், கூடவே, "அது ஏன்?" என்றும் கேட்கட்டும். காரணம் தெரிந்தால்தான் ஓர் அறிவுரை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது விளங்கும். மலையிறக்கத்தில் பிளேட்டை மிச்சப்படுத்த எண்ணி உயிரை இழப்பது அறிவுடைமையாகாது.