கம்ப்யூட்டருக்கும் உண்டு ‘மேற்படி’!

வீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா?

மயிலாப்பூரில் ஒரு வீடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நான்கு எல்லைகளையும் அளவையும் ‘சொத்து விவரம்’ என்று ஓர் இடத்தில் எழுதிவிடுவார்கள். மற்ற இடங்களில் ‘மேற்படி சொத்து’ என்று இரண்டே வார்த்தைகள்தான்!

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

துளையிட்ட அட்டை

அடையாறு பக்கம் 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அக்காலத்தில் கட்டளைகளை அட்டையில் துளையிட்டுக் கொடுப்பார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. 2020-ல் அதே ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இப்போது மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே ‘பைத்தான்’ என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்கிறார்கள். அட்டை போய்விட்டது. ஆனால் சுருக்கமாக எழுத வேண்டும் என்ற ஆசை போகவில்லை.

சங்கிலிக் கட்டளை

“அம்மா கடைக்குப் போய், கத்தரிக்காய் வாங்கி, கழுவி, நறுக்கி, வதக்கினாள்.”

ஐந்து காரியம், ஒரே வாக்கியம்! ‘அம்மா’ என்று ஐந்து தடவை சொல்லவில்லை.

பைத்தானிலும் இது நடக்கும். ‘ஸ்ட்ரிப்’ என்ற கட்டளை ஒரு முகவரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும். ‘ஸ்பிளிட்’ அதைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். இரண்டையும் ஒரு புள்ளியால் கோத்துவிடலாம். முதல் கட்டளை தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

எல்லாக் கட்டளையும் அப்படித் தருவதில்லை. பட்டியலை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’, வேலையை முடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். அதன் பின்னால் இன்னொன்றைக் கோத்தால் சங்கிலி அறுந்துவிடும்!

பறிபோன பாக்கி

இதைவிடப் பெரிய ஆபத்து ‘மேற்படி’யில் இருக்கிறது.

ஒரு மளிகைக் கடைக்காரரின் பாக்கிப் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தள்ளுபடி கொடுத்தால் எவ்வளவு வரும் என்று பார்க்க நினைக்கிறார் மகன். பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைக்கிறார். அந்தப் பெயரில் 500 ரூபாயை 450 ஆக்குகிறார். அப்பாவின் பட்டியலைத் திறந்தால், அங்கும் 450!

காரணம் என்ன? மகன் வைத்தது பெயர் மட்டுமே, நகல் எடுக்கவில்லை. இரண்டு பெயரும் சுட்டுவது ஒரே பட்டியலை. பெரிய பட்டியலை மறுபடி மறுபடி நகல் எடுக்காததால் இடமும் நேரமும் மிச்சம்தான். ஆனால் அசலைத் தொடக் கூடாது என்றால், முதலில் ‘காப்பி’ என்ற கட்டளையால் நகல் எடுத்திருக்க வேண்டும்.

பத்திரத்தில் இரண்டு சொத்துகள் இருந்து, ‘மேற்படி சொத்து’ எது என்று தெரியாவிட்டால் வழக்குத்தான் வரும். கம்ப்யூட்டரிலோ வழக்கு வராது. கணக்குச் சத்தமில்லாமல் மாறிவிடும்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருக்கத்தை முதலாவதாக வைத்தார். அதை அடுத்துத் தெளிவை வைத்தார். கம்ப்யூட்டருக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் அந்த வரிசை பொருந்தும்!