கல்லூரியா, கோடிகளா? தெரியுமா உங்களுக்கு?

கூடைப்பந்து ஆடியதற்காக ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, தெரியுமா? ஆடியது தப்பில்லையாம். சீக்கிரமாக ஆட வந்துவிட்டார் என்பதுதான் குற்றமாம்!

ஸ்பென்சர் ஹேவுட் என்று பெயர். மிசிசிப்பியில் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம், பத்துப் பிள்ளைகள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 19 வயதில் தங்கம் வாங்கினார். கல்லூரியில் இரண்டே ஆண்டுகள் ஆடிவிட்டு, அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக அப்போது இருந்த ஏ.பி.ஏ. லீக்குக்குப் போனார். போன முதல் ஆண்டே சிறந்த புதுமுகமும் அவர்தான், லீக்கின் மிகச் சிறந்த வீரரும் அவர்தான்! 1970-ல் சியாட்டில் அணி அவரை என்.பி.ஏ.வுக்கு அழைத்து வந்தது. அங்கேதான் சிக்கல். பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவர் என்.பி.ஏ.வில் காலே வைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. வெளியூர் ஆட்டங்களில் சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று மைக்கில் அறிவிப்பார்களாம். ஹேவுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சோறு போட அம்மா பருத்திக் காட்டில் நிற்கிறார். கோடி சம்பாதிக்கத் தெரிந்த மகன் சும்மா காத்திருக்க வேண்டுமாம். என்ன நியாயம்?

1971-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அவர் ஆடலாம் என்று உத்தரவிட்டார். லீக் இறங்கி வந்தது. ஆனால் ஒரு குசும்பு பாருங்கள்: முன்கூட்டியே வர வேண்டுமென்றால், வீட்டில் வறுமை என்று நிரூபிக்க வேண்டும்! 1976-ல்தான் அதுவும் போனது. மேஜிக் ஜான்சன் இரண்டே ஆண்டுகளில் கல்லூரியை விட்டதும், மைக்கேல் ஜோர்டன் மூன்றாம் ஆண்டோடு கிளம்பியதும் ஹேவுட் திறந்த கதவு வழியாகத்தான். அவருக்கு 'ஹால் ஆஃப் ஃபேம்' மரியாதை கிடைத்த ஆண்டு 2015. வழக்கு முடிந்து 44 ஆண்டுகள் கழித்து!

புது வீரர்களை என்.பி.ஏ. அணிகள் எடுத்துக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். இது நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி அல்ல. யார் அதிகம் தருகிறார்களோ அவர்களிடம் போக முடியாது; 30 அணிகள், இரண்டு சுற்று, வரிசைப்படி கூப்பிடுவார்கள், கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டியதுதான். முதல் சுற்றில் வந்தால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்கு அந்த உறுதி கிடையாது. ஆக, 30-வது பெயருக்கும் 31-வது பெயருக்கும் நடுவில் ஒரு பையனின் வாழ்க்கையே நிற்கிறது. முதல் இடம் எந்த அணிக்கு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? 1 முதல் 14 வரை எண் போட்ட பிங்-பாங் பந்துகளைக் குலுக்கி நான்கை எடுக்கிறார்கள்! 1001 சேர்க்கைகள் வரும்; 1000-ஐ அணிகளுக்குப் பங்கிட்டு, ஒன்றை விட்டுவிடுவார்கள். 2025-ல் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு உட்கார்ந்திருந்த டாலஸ் அணிக்குத்தான் அந்த முதலிடம் விழுந்தது. அவர்கள் எடுத்தது டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு ஆடிய கூப்பர் ஃபிளாக். அப்போது வயது 18. டிராஃப்டுக்கு வர 19 வயது ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதே என்கிறீர்களா? டிராஃப்ட் நடக்கும் அந்த ஆண்டு டிசம்பருக்குள் 19 ஆனால் போதும். ஃபிளாக்கின் பிறந்தநாள் டிசம்பர் 21!

அந்த வயது விதி வந்தது 2005-ல். அதற்கு முன்பு கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். பிறகு 'ஒன் அண்ட் டன்' காலம்: ஓராண்டு கல்லூரி, உடனே டாட்டா. 2007-ல் அப்படி வந்தவர்களில் முதலிடம் கிரெக் ஓடனுக்கு, இரண்டாமிடம் கெவின் டுரான்டுக்கு. டுரான்ட் எங்கே போனார் என்று உலகத்துக்கே தெரியும். ஓடனை முழங்கால் கைவிட்டது, என்.பி.ஏ.வில் மொத்தமே 105 ஆட்டங்கள்.

போகாமல் இருந்தவர்கள் கதை இன்னும் பிரமாதம். 2006-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன். ஜோகிம் நோவா அப்போதே போயிருந்தால் முதலிடம் கிடைத்திருக்கலாம் என்றே பேச்சு. நோவா, அல் ஹோர்ஃபோர்ட், கோரி ப்ரூவர் மூவரும் போகவில்லை! மறு ஆண்டும் கோப்பையை அள்ளினார்கள். பிறகு டிராஃப்டில் ஹோர்ஃபோர்டுக்கு 3, ப்ரூவருக்கு 7, நோவாவுக்கு 9. ஓராண்டு காத்திருந்ததில் நோவாவுக்குப் பண நஷ்டம்தான். ஆனால் இரண்டு கோப்பை கையில் இருக்கிறதே! எனக்கு இந்தக் கணக்குத்தான் பிடித்திருக்கிறது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் ஏழு அடி நான்கு அங்குல ஸாக் ஈடி கதை நேர்மாறு: காத்திருந்ததில் லாபம். 2023-ல் தேசியக் கல்லூரித் தொடரின் முதல் சுற்றிலேயே 16-ம் நிலை அணியிடம் தோற்ற அவமானம். டிராஃப்டுக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். அடுத்த ஆண்டு இறுதிப் போட்டி வரை போனார்; டிராஃப்டில் 9-வது இடம்!

இதில் ஒரு அம்மாவின் பங்கு தெரியுமா? டிம் டங்கனின் அம்மா அவருடைய சிறுவயதிலேயே புற்றுநோயில் இறந்தார். பட்டம் வாங்குவேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்குக்காக, அணிகள் வரிசைகட்டி நிற்க, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் படித்தார். 1997-ல் முதலிடம், பிறகு ஐந்து சாம்பியன் பட்டங்கள். வின்ஸ் கார்ட்டரோ மூன்றாண்டில் கிளம்பியவர். விட்ட படிப்பை முடித்து, 2001 மே 20 காலையில் வட கரோலினாவில் பட்டமளிப்பு விழாவில் நின்றார். அன்றே ஃபிலடெல்ஃபியாவில் பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது, வாழ்வா சாவா ஆட்டம்! விமானத்தில் பறந்து போய் ஆடினார். கடைசி நொடியில் பந்து அவர் கையில். எறிந்தார், விழவில்லை. 88-87, தோல்வி. பட்டம் வாங்கப் போனதால்தான் தவறவிட்டார் என்று இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. அபத்தம்.

ஸ்டெஃபன் கர்ரி விட்ட பட்டத்தை 2022-ல் முடித்தார். ஷக்கீல் ஓ'நீல் திரும்பிப் போய் பட்டம் வாங்கி, முனைவராகவே ஆகிவிட்டார்.

இப்போது நிலைமை தலைகீழ்: கல்லூரியிலேயே பணம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகத் தரலாம். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டு, உறுதியில்லாத ஒப்பந்தத்தோடு அல்லாடுவதைவிட, விடுதியில் இருந்தபடியே அதிகம் பார்க்க முடிகிறது. 2021-ல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025-ல்? வெறும் 106!